குவாண்டம் வியூவர் என்று வந்த பச்சை ஷீட்

பாளையங்கோட்டையில் எம்.எஸ்சி. பிசிக்ஸ் பிள்ளைகளுக்கு டோபாலஜிக்கல் பொருட்கள் (உள்ளே மின்சாரம் கடத்தாமல் பரப்பிலோ விளிம்பிலோ மட்டும் கடத்துபவை) பற்றி ஒரு வகுப்பு எடுக்க வேண்டியிருந்தது, சும்மா பலகையில் அம்புக்குறி போட்டால் தூங்கிவிடுவார்கள் என்று ஆன்லைனில் 380 ரூபாய்க்குக் காந்தப்புலத்தைக் கண்ணுக்குக் காட்டும் ஷீட் ஒன்று வாங்கினேன். விற்பவர் போட்டிருந்த பெயர் ‘குவாண்டம் வியூவர்’. குவாண்டமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. உள்ளே பொடிப்பொடி எண்ணெய்த் துளிகள், அதில் நிக்கல் செதில்கள். காந்தப்புலம் போகிற பக்கம் திரும்பிக்கொள்ளும், அவ்வளவுதான்.

ஆனால் பொருள் மோசமில்லை. பிரிட்ஜில் ஒட்டியிருந்த குற்றாலம் அருவிப் படத்தைக் கவிழ்த்து, கருப்பு முதுகின்மேல் ஷீட்டை வைத்ததும் பட்டை பட்டையாக எழுந்து வந்தது. அக்கா மகன் எட்டிப் பார்த்துவிட்டு, “மாமா, அணில் முதுகு மாதிரில்லா இருக்கு” என்றான். துருவத்துக்கு மேலே செதில்கள் செங்குத்தாக நிற்பதால் இருட்டு, இரண்டு துருவங்களுக்கு நடுவில் படுத்துக்கொள்வதால் வெளிச்சம்.

அந்த வெளிச்சக் கோடுதான் எனக்கு வேண்டியிருந்தது. டோபாலஜிக்கல் பொருட்களில் ஒன்றான, குரோமியம் கலந்த பிஸ்மத்-ஆன்டிமனி டெல்லூரைடு படலத்தை நன்றாகக் குளிர வைத்தால், காந்தம் மேல்நோக்கிய பகுதியும் கீழ்நோக்கிய பகுதியும் சந்திக்கிற எல்லை வழியாக எலெக்ட்ரான்கள் பின்னால் சிதறாமல் ஒரே திசையில் ஓடும். 2013இல் சீனாவில் சுமார் 30 மில்லிகெல்வினில், அதாவது தனிச்சுழி வெப்பநிலைக்கு மிக அருகில், இந்தப் படலத்தின் விளிம்பில் ஓடும் மின்னோட்டத்தை அளந்தார்கள். 2017இல் ஜப்பான் குழு ஒன்று காந்த ஊசிமுனையால் எல்லையைத் தாங்களே எழுதி, ஓட்டம் அதன் வழியே போவதைக் காட்டியது. பிரிட்ஜ் காந்தத்தில் மில்லிமீட்டர் கணக்கு, அங்கே படலத்தின் தடிமனே சில நானோமீட்டர்; ஆனாலும் எல்லை என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபட்டது.

குறை இல்லாமல் இல்லை. வடக்கும் தெற்கும் இதில் ஒரே இருட்டு. மேலா கீழா என்பதை வைத்துத்தான் எலெக்ட்ரான் எந்தப் பக்கம் ஓடும் என்பதே தீர்மானமாகிறது, அதைப் போய் மறைத்தால் எப்படி? பலவீனமான புலத்துக்கும் மசியாது. நம்ம நெல்லை காந்த நடுக்கோட்டுக்கு (பூமியின் காந்தப்புலம் தரைக்குப் படுகிடையாக இருக்கும் கோடு) பக்கம், கிருஷ்ணாபுரத்தில் அதற்கென்றே புவிக்காந்த ஆய்வுக்கூடம் இருக்கிறது. ஆனால் பூமியின் 40 மைக்ரோடெஸ்லா சொச்சத்துக்கு இந்த ஷீட் அசையக்கூட இல்லை. ஆய்வகத்தில் நிஜமான படலங்களின் காந்தப்புலத்தைப் படமெடுக்க ஸ்குவிட் முனை (மிக நுண்ணிய புலத்தையும் உணரும் மீக்கடத்திக் கருவி), நைட்ரஜன் குறையுள்ள வைரமுனை என்று வேறு உலகம்.

அப்புறம், ஒரு மூலையில் எண்ணெய் கசிந்து கறை. மாற்றிக் கேட்டு இரண்டு தடவை எழுதினேன், பதிலே இல்லை. வாங்குவதானால் சின்ன அளவே போதும், வந்த அன்றே நான்கு மூலையையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.