தேன் எடுத்த பிறகா, அதற்கு முன்பா? வரோவா உண்ணிக்கு மருந்து வைக்கும் நாள்

பெட்டியின் மேலே தேன் அறை நிரம்பிக்கொண்டிருக்கும். அதே வாரங்களில் கீழே, ராணி முட்டையிட்டுப் புழு வளரும் புழு அறையில், தேனீயின் மேல் ஒட்டி வாழும் வரோவா உண்ணியின் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருக்கும். மருந்து வைத்தால் தேன் வீணாகும், தேனுக்காகக் காத்திருந்தால் தேனீ வீணாகும். இத்தாலியத் தேனீ வளர்க்கும் எல்லோரும் ஒரு பருவத்திலாவது இந்தச் சிக்கலில் மாட்டியிருப்பார்கள். எந்த மருந்து நல்லது என்றுதான் பெரும்பாலும் கேட்கிறார்கள். நாளை முதலில் முடிவு செய்யுங்கள் என்பதே என் பதில். நாள் முடிவானால் மருந்து ஒன்றிரண்டுக்குள் சுருங்கிவிடும்.

நாள் குறிக்க எண்ணிக்கை வேண்டும். புழு உள்ள ஒரு சட்டத்தை (அடை கட்டியிருக்கும் மரச்சட்டகம்) எடுத்து, அதில் ராணி இல்லை என்று இருமுறை பார்த்துக்கொண்டு, அரை கப் தேனீக்களை ஒரு டப்பாவில் உதிர்க்க வேண்டும். அது ஏறக்குறைய 300 தேனீ. மூழ்கும் அளவு ஆல்கஹால் ஊற்றி ஒரு நிமிடம் நன்றாகக் குலுக்கி, வலை வழியே வெள்ளைத் தட்டில் வடித்தால், செம்பழுப்பு நிறத்தில் நண்டு ஓடு போலத் தட்டையான புள்ளிகள் அடியில் தங்கும். மூன்று இருந்தால் 1 சதவீதம், ஒன்பது இருந்தால் 3 சதவீதம். பருவத்தின் பிற்பகுதியில் 3 சதவீதத்தைத் தொட்டால் தாமதிக்கவே கூடாது. 300 தேனீக்களைக் கொல்வதற்கு மனம் வராதவர்கள் பொடித்த சர்க்கரையில் உருட்டிப் பார்க்கலாம். கொஞ்சம் துல்லியம் குறையும், ஆனால் எண்ணாமல் இருப்பதைவிட எவ்வளவோ மேல்.

தேன் வரத்து, அதாவது பூக்களிலிருந்து தேன் கூட்டுக்கு வந்து குவியும் காலம், உச்சத்தில் இருக்கும்போது இந்த எண்ணிக்கை நம்மை ஏமாற்றும். அப்போது உண்ணிகளில் பாதிக்கு மேல் மெழுகு மூடிக்குள், கூட்டுப்புழுவோடு இருக்கும், குலுக்கலில் வராது. வேலைக்காரத் தேனீயின் அறை மூடியிருப்பது 12 நாள், ஆண் தேனீயின் அறை 14, 15 நாள். அந்த நாட்களில்தான் உண்ணி உள்ளே குஞ்சு பொரிக்கிறது. வரத்து முடிந்து ராணி முட்டையைக் குறைத்ததும், அதே உண்ணிக் கூட்டம் குறைந்த புழுக்களின் மேலும் குறைந்த தேனீக்களின் மேலும் வந்து விழும். சதவீதம் திடீரென எகிறும். பூ வறண்ட மாதங்களைத் தாண்ட வேண்டிய நீண்ட ஆயுள் தேனீக்கள் வளர்வதும் அந்த வாரங்களில்தான். உண்ணி பரப்பும், சிறகைச் சுருக்கும் வைரஸோடு அவை பிறந்தால், பிறகு எவ்வளவு மருந்து வைத்தாலும் கூடு மீளாது.

சரி, வழிகளைப் பார்ப்போம்.

வரத்துக்கு முன்பே வைப்பது முதல் வழி. அமித்ராஸ் என்ற உண்ணிக்கொல்லி ஊறிய பட்டைகள் இதற்குத்தான் பொருந்தும். 6 முதல் 8 வாரம் பெட்டியில் இருக்க வேண்டும், எடுத்த பிறகு தேன் அறை வைக்க 14 நாள் இடைவெளி வேண்டும் என்று அமெரிக்க லேபிள் சொல்கிறது. அதாவது முதல் பூ மலர 8 முதல் 10 வாரத்துக்கு முன்பே பட்டை உள்ளே போயிருக்க வேண்டும். பலர் கோட்டை விடுவது இந்தக் கணக்கில்தான். பூ வந்துவிட்டதே என்று பாதியில் பட்டையை உருவினால் வேலை அரைகுறையாகும். பட்டையை வைத்துக்கொண்டே தேன் அறையை ஏற்றினால் அந்தத் தேனை விற்கவும் கூடாது, சாப்பிடவும் கூடாது. நாள் இருந்தால் இது நல்ல வழி, சுத்தமாகத் தொடங்கும் கூடு பெரும்பாலும் வரத்து முழுவதையும் தாங்கிவிடும். ஃப்ளுவாலினேட் என்ற இன்னொரு மருந்தின் பட்டையை நான் பரிந்துரைப்பதில்லை. உண்ணிகள் பல இடங்களில் அதற்குப் பழகிவிட்டன, அது மெழுகிலும் படிந்து தங்கும்.

வரத்தின் நடுவிலேயே வைப்பது இரண்டாவது. இங்கே கையில் இருப்பவை ஃபார்மிக் அமிலமும் ஆக்ஸாலிக் அமிலமும். இரண்டும் தேனில் இயல்பாகவே சிறிதளவு இருப்பவை என்பதால், தேன் அறை மேலே இருக்கும்போதே பயன்படுத்தச் சில நாடுகளில் அனுமதி உண்டு. ஆக்ஸாலிக்குக்கு அமெரிக்காவில் 2015இல் அனுமதி கிடைத்தது, தேன் அறையோடு பயன்படுத்தும் அனுமதி 2021இல்தான் வந்தது. ஆகவே உங்கள் நாட்டின் லேபிள் என்ன சொல்கிறதோ அதுதான் முடிவு.

இரண்டும் அமிலம் என்றாலும் குணம் நேரெதிர். ஃபார்மிக்கின் ஆவி மெழுகு மூடியைத் தாண்டி உள்ளிருக்கும் உண்ணியையும் கொல்லும். வேறெந்த வழக்கமான மருந்துக்கும் இந்த வலு இல்லை. ஆனால் வெயிலைப் பொறுத்துக்கொள்ளாது. வைக்கும் நாளில் வெப்பநிலை 10 முதல் 29 டிகிரிக்குள் இருக்க வேண்டும், முதல் மூன்று நாள் மிக முக்கியம். வைத்த ஒரு மணி நேரத்தில் வாசலருகே குனிந்தால் மூக்கில் சுரீரென்று ஏறும், தேனீக்கள் வெளியே வந்து முன்பலகையில் கொத்தாகத் தொங்கும். வாசலை முழுதாகத் திறந்து வைக்காவிட்டால், அல்லது எதிர்பாராத வெப்பம் அடித்தால், ராணியையே இழக்க நேரும். ஆக்ஸாலிக் சாதுவானது, ஆனால் மூடிக்குள் போகாது. புழு நிறைந்த கூட்டில் ஒருமுறை அதைச் சூடாக்கிப் புகை போட்டு, தட்டில் விழுந்த உண்ணிகளைப் பார்த்து நிம்மதியடைபவர்கள் உண்டு. விழுந்தவை வெளியில் இருந்தவை மட்டுமே. சில நாள் இடைவெளியில் திரும்பத் திரும்பப் போட்டால்தான் பலன், ஒவ்வொரு முறையும் அமில ஆவிக்கான முகக்கவசம் கட்டாயம். ஆண் தேனீ அடையை மூடியதும் வெட்டி எடுப்பதும் இந்தக் காலத்துக்கு ஏற்ற கூடுதல் உதவி. ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது.

வரத்து நடுவில் எண்ணிக்கை 3 சதவீதத்தைத் தாண்டி, வானிலையும் ஒத்துழைத்தால், நான் ஃபார்மிக்கைத்தான் எடுப்பேன். வெயில் கடுமையாக இருந்தால் நிரம்பிய மட்டும் தேனை எடுத்துவிட்டு மிச்ச வரத்தைத் தேனீக்கே விட்டுவிடுவேன். கசப்பான முடிவுதான். ஆனால் ஒரு பருவத்தில் கடைசிச் சட்டமும் மூடட்டும் என்று மூன்று வாரம் காத்திருந்தேன். தேன் கிடைத்தது. அடுத்த வரத்தைப் பார்க்க அந்தக் கூடு இல்லை.

தேன் எடுத்த பிறகு வைப்பது மூன்றாவது. பெரும்பாலானோர் செய்வது இது, எண்ணிக்கை கட்டுக்குள் இருந்தால் தவறே இல்லை. தேன் அறை இறங்கிவிட்டதால் எதையும் தேர்ந்தெடுக்கலாம். தைமாலுக்கு இடம் இருப்பது இங்கே மட்டும்தான். ஓமத்தில் இருக்கும் அதே நெடி அது, கிலோ தேனில் ஒரு மில்லிகிராமைக் கொஞ்சம் தாண்டினாலே நாக்குக்குத் தெரிந்துவிடும். 15 டிகிரிக்குக் கீழே அது சரியாக ஆவியாகாது, ஆகவே குளிர் வருமுன் முடித்துவிட வேண்டும். இந்த வழியின் குறை, தேன் எடுப்பது தள்ளிப்போகும்போதெல்லாம் மருந்தும் தள்ளிப்போவது. ஈரப்பதம் இறங்கவில்லை, கருவி கிடைக்கவில்லை, ஆள் இல்லை என்று வாரங்கள் ஓடும். அடுத்த தலைமுறைத் தேனீக்கள் எந்த வாரத்தில் வளர வேண்டும் என்று பார்த்து, அங்கிருந்து பின்னோக்கி எண்ணி, தேன் எடுக்கும் நாளைக் குறியுங்கள். அறுவடை உண்ணிக் கணக்குக்குக் கட்டுப்பட வேண்டும்.

நான்காவது வழிதான் எனக்கு மிகவும் பிடித்தது. வரத்து முடிய 25 நாள் இருக்கும்போது ராணியைக் கூண்டில் அடைப்பது. இன்று இடும் முட்டை தேனீயாக 21 நாள், அது வெளியே பறந்து தேன் சேர்க்க இன்னும் மூன்று வாரம். ஆக வரத்தின் கடைசி நாட்களில் இடப்படும் முட்டைகளால் இந்த அறுவடைக்கு ஒரு சொட்டும் சேராது. ஊட்ட வேண்டிய புழு குறைவதால் தேன் கூடவும் செய்யலாம். 25ஆம் நாள் ஆண் தேனீ உட்பட எல்லாம் பொரித்து வெளியே வந்திருக்கும், மூடிய அறையே இருக்காது. தேன் அறையை இறக்கி, ராணியை விடுவித்து, ஆக்ஸாலிக் கலந்த சர்க்கரைப் பாகைத் தேனீ நிறைந்த சந்துக்கு 5 மில்லி வீதம் சொட்டினால் உண்ணிக்கு ஒளிய இடமில்லை. புதிய புழு அறைகள் மூட எட்டு நாளுக்கு மேல் ஆகும், அதற்குள் முடித்தால் போதும். ஆனால் பெட்டி பெட்டியாக ராணியைத் தேடிப் பிடிக்க வேண்டும், சில ராணிகள் கூண்டிலேயே போகும். அப்புறம், வறண்ட காலத்துக்கு முன் இரண்டு சுற்றுப் புழு வளரவாவது நாள் மிஞ்ச வேண்டும். பத்து இருபது பெட்டிக்காரருக்கு இது அருமையான வழி. நூற்றுக்கணக்கில் வைத்திருப்பவர்களுக்கு ஆள்பலம் இல்லாமல் கட்டாது, அவர்களுக்கு முன்கூட்டியே பட்டையும், அறுவடை முடிந்ததும் மறுமருந்தும்தான் நடைமுறை.

எந்த வழியானாலும், பட்டை இருந்தபோது புழு அறையில் இருந்த சட்டங்களை ஒருபோதும் தேன் அறைக்கு ஏற்றாதீர்கள். நான் அவற்றின் மேல்கட்டையில் ஆணியால் ஒரு கோடு கீறி வைக்கிறேன். மருந்து முடிந்ததும் மறுபடி 300 தேனீயைக் குலுக்கிப் பார்க்க வேண்டும். எண்ணிக்கை இறங்கவில்லை என்றால் அதே மருந்தை இன்னும் இரண்டு வாரம் நீட்டுவது உண்ணியைப் பழக்கத்தான் உதவும், உடனே வேறு வகைக்கு மாறிவிடுங்கள். முன் எண்ணிக்கை, பின் எண்ணிக்கை, பட்டை போன தேதி, வந்த தேதி நான்கையும் பெட்டி மூடியின் உட்புறத்திலேயே எழுதி வைக்கிறேன்.