மண் சுமந்த மூன்று ஞாயிறுகள்: மாதேரான் மலைப்பாதைச் சீரமைப்புக் குழுவைப் பற்றி

மும்பைக்கு அருகே, அடிவார இரயில் நிலையமான நேரல் பக்கத்திலிருந்து மாதேரான் மலைவாழிடத்துக்கு ஏறும் பழைய ஒற்றையடிப் பாதை ஒன்றை, மும்பைத் தன்னார்வலர்கள் சிலர் வனத்துறை அனுமதியுடன் சீரமைத்து வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பணிக்குப் பதிவு செய்பவரிடம், நிலையத்திலிருந்து வண்டி, கருவிகள், மதியச் சாப்பாடு ஆகியவற்றுக்காக 350 ரூபாய் வாங்குகிறார்கள். உழைக்கவும் வந்து பணமும் கட்ட வேண்டுமா என்று மும்பை செம்பூரில் உள்ள நண்பர்கள் பலர் கேட்டார்கள். நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் மூன்று முறை போய்வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தப் பணம் வீணாகவில்லை.

அடிவாரத்து ஊர்க்காரர்கள் பாலும் காய்கறியும் தலைச்சுமையாக மேலே கொண்டுசென்ற வழி இது என்று அங்குள்ள பெரியவர் ஒருவர் சொன்னார். மேலே வண்டிகள் நிற்கும் இடமான தஸ்தூரி நாக்கா வரை வண்டிகள் போகத் தொடங்கியபின் நடப்பவர்கள் குறைந்தார்கள். ஆனால் பாதையை அழித்தது ஆள் நடமாட்டம் குறைந்தது மட்டுமல்ல, தண்ணீர். சகியாத்திரி எனப்படும் இந்த மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை எத்தகையது என்பதை நமக்கு யாரும் சொல்லத் தேவையில்லை; 2005 ஜூலை 26 அன்று பெய்த மழை, 1907 முதல் ஓடிவந்த நேரல்–மாதேரான் சிற்றிரயிலின் பாதையையே சிதைத்து, மீண்டும் வண்டி ஓட 2007 வரை காத்திருக்க வைத்தது. நடுவில் குழிந்துவிட்ட ஒற்றையடிப் பாதை அப்படிப்பட்ட மழையில் வாய்க்காலாகிவிடுகிறது; ஒவ்வோர் ஆண்டும் மண் கரைந்து, கடைசியில் உருளும் கற்கள் மட்டுமே மிஞ்சுகின்றன.

இந்தக் குழுவின் சிறப்பு, இதைப் புரிந்துகொண்டு வேலை செய்வதுதான். முதல் நாள் மண்வெட்டியை என் கையில் கொடுக்கும் முன், பொறுப்பாளரான டோம்பிவிலித் தமிழ் இளைஞர் ஒரு பாட்டில் தண்ணீரைப் பாதையில் ஊற்றி, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்கச் சொன்னார். தண்ணீர் பாதையிலேயே நேராகக் கீழே இறங்கினால், அங்கே குறுக்காக, சற்றுச் சாய்வாக ஒரு கல்வரிசை பதிக்க வேண்டும். அது தண்ணீரைத் திருப்பிச் சரிவின் பக்கம் வடித்துவிடும். ஒவ்வொரு கல்லிலும் பெரும்பகுதி மண்ணுக்குள் இருக்க வேண்டும் என்பதால், வெளியே ஒரு சாண் தெரியும் கல்லுக்கு முழங்கால் ஆழம் தோண்டினோம். நான் பதித்த முதல் கல்லைக் காட்டி, “அண்ணே, மேல ஏறி நில்லுங்க, ஆடுச்சுன்னா எடுத்துடலாம்” என்றார். ஆடியது. மூன்றாம் முறைதான் நின்றது; அந்த ஒரு கல்லுக்கே முக்கால் மணி நேரம் போயிற்று. யாரும் அவசரப்படுத்தவில்லை.

மாதேரான் 2003 முதல் அறிவிக்கப்பட்ட சூழல் உணர்திறன் மண்டலம். சிமெண்டும் இயந்திரமும் இல்லாமல், கடப்பாரை, மண்வெட்டி, இரும்புச் சட்டி ஆகியவற்றை மட்டும் வைத்து, அங்கேயே கிடைக்கும் கற்களைக் கொண்டு வேலையை முடிக்கிறார்கள். பாதையை மூடியிருக்கும் கார்விச் செடியையும் வேரோடு பிடுங்க விடுவதில்லை. நம் குறிஞ்சிக்கு நெருங்கிய உறவான அந்தச் செடி ஏழெட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் மொத்தமாகப் பூக்கும். அதன் வேர்தான் சரிவின் மண்ணைப் பிடித்து வைத்திருக்கிறது. நடக்கும் அகலத்துக்கு மட்டும் அரிவாளால் கழித்து, வெட்டிய தண்டுகளைத் தண்ணீர் வடியும் வாய்களை அடைக்காதபடி ஒதுக்கிப் போடுகிறார்கள்.

குறைகளும் உண்டு. இரண்டாவது முறை சென்றபோது ஓர் அலுவலகத்திலிருந்து நாற்பது பேரை மொத்தமாகச் சேர்த்துவிட்டார்கள். கருவிகளோ பதினைந்து பேருக்குத்தான் இருந்தன. பாதிப் பேர் நிழலில் உட்கார்ந்திருக்க, ஆர்வக்கோளாறில் சிலர் கார்வியைத் தரையோடு வெட்டித் தள்ளினார்கள். அதைத் தடுக்கப் போதுமான பொறுப்பாளர்கள் அன்று இல்லை. இத்தகைய வேலையில் ஆள் கூடுவது உதவியாகாது என்பதைக் குழு உறுதியாகக் கடைப்பிடிக்க வேண்டும். கொடுத்த கையுறைகளும் கிழிந்திருந்தன. கட்டணத்தில் ஒரு பங்கு, உடன் வேலை செய்யும் உள்ளூர்க்காரர் இருவருக்குத் தினக்கூலியாகப் போகிறது என்பதை நான் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இதைப் பதிவின்போதே சொல்லிவிட்டால் பணத்தைப் பற்றிய கேள்வியே எழாது.

சாப்பாட்டுக்கு அடிவாரத்து வீடொன்றில் செய்த அரிசி பாக்கரி ரொட்டியும் பிட்லா என்னும் கடலைமாவுக் குழம்பும் வந்தன, நன்றாக இருந்தன.

செம்பூரிலிருந்து வருபவர்கள் குர்லாவில் மாறி, விடியற்காலை கர்ஜத் வண்டியைப் பிடிக்க வேண்டும். சொந்தக் கையுறை, மூன்று லிட்டர் தண்ணீர், கணுக்காலை மூடும் காலணி ஆகியவை அவசியம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஏற்றம் கடினம். மழைக்காலத்தில் பணி கிடையாது. ஆனால் ஜூனில் முதல் பெருமழை பெய்தபின், கல்வரிசைகள் தண்ணீரை எங்கே திருப்புகின்றன என்று பார்க்க மட்டும், பழையவர்களில் ஆறு பேரை அழைத்துப் போகிறார்கள். அதற்குக் கட்டணமில்லை. நான் பெயர் கொடுத்திருக்கிறேன்.