தோல் பையின் நிறத்தைக் கருமையாக்க: எண்ணெயா, சாயமா?

முதலில் பையின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உறிஞ்சினால் எண்ணெய் போதும். மாட்டுக்கால் எலும்பிலிருந்து எடுக்கும் நீட்ஸ்ஃபுட் எண்ணெய் நல்லது. சமையல் எண்ணெய் நாளடைவில் சிக்கு வாடை அடிக்கும். துணியில் தொட்டு மெல்லியதாகத் தேய்த்து, மறுநாள் நிறம் பார்த்து, வேண்டுமானால் மறுபடி. அதிகமானால் தோல் தொளதொளத்துவிடும். கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கம் ஐப்பசி ஈரத்தில் பூஞ்சை வேறு.

தண்ணீர் முத்தாக நின்றால் மேலே பூச்சு இருக்கிறது, எண்ணெய் இறங்காது. அப்புறம் சாயம்தான். அசிட்டோனால் பூச்சைத் துடைத்தெடுத்து (ரெக்சினாக இருந்தால் கிட்டவே கொண்டுபோகாதீர்கள்), தோல் சாயத்தை மெல்லியதாக இரண்டு மூன்று கை பூசி, நிழலில் காயவிட்டு, துணியால் தேய்த்து, சாயம் துணியில் ஒட்டாமலிருக்க சீலர் என்னும் மேல்பூச்சு போட வேண்டும். பெல்ட்டுக்குச் சீலர் போடாவிட்டால் வெள்ளை வேட்டி போச்சு!

சாயத்தில் நிறம் சீராக வரும். ஆனாலும் தோல் உறிஞ்சுமானால் நான் எண்ணெய் பக்கம்தான்.