செட்டிநாட்டு வளவா, தரங்கம்பாடி பங்களாவா? சென்னையிலிருந்து இரண்டு இரவு

பழைய வீட்டில் தங்கவேண்டும் என்று தேடும் சென்னைக்காரர்கள் பலர் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தயங்குகிறார்கள்: காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கத்து நகரத்தார் மாளிகை, இல்லையென்றால் கடலைப் பார்த்து நிற்கும் தரங்கம்பாடி பங்களா. படத்தில் இரண்டும் அழகுதான். தங்கும்போது வித்தியாசத்தைக் காட்டிக்கொடுப்பது சுவர்.

சுண்ணாம்புக் காரைச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்ட் பூசிப் பழுதுபார்த்திருந்தால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, தரையிலிருந்து இரண்டு மூன்று அடி வரை பெயின்ட் குமிழ் விட்டு உதிரும். தரங்கம்பாடியில் உப்பும் சேர்ந்துகொள்கிறது. சுவருக்குள் ஏறிய உப்பு, ஈரம் காயும்போது இறுகிப் பூச்சைத் தள்ளிவிடும். கீல், தாழ்ப்பாள், ஏசியின் வெளிப்பெட்டி எல்லாம் துருப்பிடிக்கும். அதனால் கடலோர வீட்டை ஆண்டுதோறும் கவனித்தே ஆகவேண்டும். முன்பதிவு செய்யுமுன், குளியலறையை ஒட்டிய சுவரின் அடிப்பாகத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தயங்காமல் அனுப்பினால் நம்பலாம்.

செட்டிநாட்டில் கேட்கவேண்டிய கேள்வி வேறு: வீட்டின் எந்தக் கட்டில், அதாவது எந்தப் பகுதியில், அறை? வளவு எனும் நடுமுற்றத்தைச் சுற்றியுள்ள கீழ் அறைகள், மணமான மகன்களுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்து, சாமான் வைக்கக் கட்டியவை. சிறியவை, வெளிச்சம் குறைவு. வளவில் யார் பேசினாலும் உள்ளே கேட்கும். மாடி அறையில் காற்றும் வெளிச்சமும் உண்டு, ஆனால் படி செங்குத்து. முழங்கால் வலியுள்ள அப்பத்தாவுக்குக் கீழ் அறைதான். அப்போதும் ஒவ்வொரு நிலைவாசலிலும் காலைத் தூக்கி வைத்துத்தான் தாண்டவேண்டும். தரையில் பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டதல்ல. கண்ணாடிமேல் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்த சிமெண்ட் கல். ஈரக்காலோடு நடந்தால் வழுக்கும்.

பயணத்தில் தரங்கம்பாடி முந்துகிறது. சிதம்பரம், சீர்காழி வழியாகச் சுமார் 280 கி.மீ. ரயிலென்றால் சோழன் எக்ஸ்பிரஸில் மயிலாடுதுறையில் இறங்கி, அங்கிருந்து சுமார் 30 கி.மீ. காரைக்குடி 400 கி.மீ.க்கு மேல். பல்லவன் எக்ஸ்பிரஸ் இரவில்தான் போய்ச் சேரும், திரும்புவதோ விடியற்காலையில். இரண்டு பக்கமும் அதிலேயே போனால் ஒரு காலைப் பலகாரம் போய்விடும். செட்டிநாடு போய்விட்டுப் பலகாரத்தை இழப்பது பெரிய நஷ்டம்! மூன்று இரவாக்கிக்கொள்ளுங்கள்.

பார்ப்பதற்கு? தரங்கம்பாடியில் 1620-ல் டேனியர் எழுப்பிய டேன்ஸ்போர்க் கோட்டை, 1701-ன் சீயோன் ஆலயம், ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு காலத்துப் புதிய எருசலேம் ஆலயம் எல்லாம் நடக்கும் தூரத்தில். அரை நாளில் முடிந்துவிடும். மீதி நேரம் கடல்தான், அதுவும் பார்க்க மட்டும். அலை முரடு, கரையில் பாறை, குளிக்க இறங்காதீர்கள். செட்டிநாட்டில் ஆத்தங்குடி, பிள்ளையார்பட்டி, திருமயம் கோட்டை எல்லாம் தள்ளித்தள்ளி இருப்பதால் வண்டி வேண்டும். ஆனால் வெயில் ஏறியபின் வீட்டைச் சுற்றிப் பார்ப்பதிலேயே பகல் போய்விடும். பர்மா தேக்குத் தூண், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய சுவர், ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளும் கட்டுகள் என்று அவ்வளவு இருக்கிறது.

இருவர் மட்டும், ஒரே வார இறுதி என்றால் தரங்கம்பாடி. மூன்று தலைமுறை சேர்ந்து போனால் யோசிக்கவே வேண்டாம், செட்டிநாடு. கூட்டுக்குடும்பத்துக்கென்றே கட்டிய வீட்டில் பத்துப் பேர் இருந்தாலும் இடிக்காது. தரங்கம்பாடிக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையைத் தவிர்த்து, ஜனவரி, பிப்ரவரியில் போங்கள். செட்டிநாட்டுக்கும் அதே மாதங்கள் சுகம், மே மட்டும் வேண்டாம். இரண்டு இடத்திலும் இரவுச் சாப்பாட்டை மதியத்துக்குள் சொல்லிவிடுங்கள். ஆள் எண்ணிக்கை பார்த்துத்தான் உலை வைப்பார்கள்.