கொல்லிமலைக் கூடாரமா, கண்மாய்க்கரைத் தோப்பா?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கமிருந்து பிள்ளைகளோடு ஒரு ராத்திரி கூடாரம் போட்டுத் தங்க ஆசைப்பட்டால் பலரும் சொல்வது கொல்லிமலை. என் ஓட்டு நம்மூர்க் கண்மாய்க்கரைத் தோப்புக்கு. ஆனால் தை, மாசியில் மட்டும்.

கொல்லிமலையில் தனியார் தோட்டங்களில் கூடாரம் வாடகைக்குக் கிடைக்கும். படுக்கை, கழிப்பறை, ராத்திரிச் சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. வயதானவர்கள் கூட வந்தால் நல்ல ஏற்பாடுதான். குளிரும் ஆகாயகங்கை அருவியும் நம் பக்கம் கிடைக்காதவை. ஆனால் திருச்சி தாண்டிப் போய், 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி முடிப்பதற்குள் பாதி நாள் போய்விடும், சின்னப் பிள்ளைகள் வாந்தி எடுத்துச் சோர்ந்துவிடுவார்கள். சனி, ஞாயிறு என்றால் பக்கத்துக் கூடாரத்துப் பாட்டுச் சத்தம் வேறு.

வனத்துறையின் 'ட்ரெக் தமிழ்நாடு' மலையேற்றத் திட்டம் இன்னொரு வழி. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் உயிரிழந்த பிறகு விதிகள் இறுகின. 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு இணைய முன்பதிவு வந்தது. வழிகாட்டியோடு நடக்க விரும்புகிறவர்களுக்கு அது சரி. நாமாகக் காப்புக்காட்டுக்குள் போய்க் கூடாரம் அடிப்பது மட்டும் கூடவே கூடாது. அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம்.

இனி தோப்பு. முன்பதிவு கிடையாது. வெயில் இறங்குமுன் போனால் மேடான, காய்ந்த தரை கிடைக்கும், பிந்தினால் கரையோர ஈரம்தான். சொந்தத் தோப்பு இல்லையென்றால் உரியவரிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அய்யனார் கோயில் காட்டில் ஒரு சுள்ளிகூட ஒடிக்காத ஊர்கள் உண்டு, அங்கே கூடாரம் வேண்டாம். வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தைப் பகலில் பார்த்துவிட்டுத் திரும்புவதே மரியாதை. அந்தப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடாத மக்கள் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள்.

தோப்பில் எதுவும் இருக்காது, எல்லாம் நாம் கொண்டுபோவதுதான். குடிக்க, சமைக்க ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் தண்ணீராவது வேண்டும். கழிப்பிடத்துக்குத் தண்ணீர்க் கரையிலிருந்து நன்றாகத் தள்ளிக் குழி வெட்ட ஒரு மண்வெட்டியும் வேண்டும். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கிற பெரியப்பாவோ ஆச்சியோ உங்கள் வீட்டில் இருந்தால் மூட்டை கட்டும் வேலையை அவர்களிடம் விட்டுவிடுங்கள். எது வேண்டும், எது வெறும் சுமை என்று அவர்களுக்கு அத்துபடி.

பனைக்கு அடியில் கூடாரம் போடாதீர்கள், காய்ந்த மட்டை விழும். ராத்திரி புளியமரத்தடியில் படுக்காதே என்று வீட்டில் சொல்வதையும் கேட்டுக்கொள்ளலாம், எந்தப் பெரிய மரத்திலிருந்தும் பட்ட கிளை முறிந்து விழலாம். சருகைக் கூட்டி ஒதுக்கிவிட்டு அடுப்பை மூட்டுங்கள். படுக்கப் போகுமுன் கங்கு கருகும்வரை தண்ணீர் ஊற்றுங்கள்.

நான் விட்டுக்கொடுக்காத ஒன்று உண்டு: தரையோடு சேர்த்துத் தைத்த, ஜிப் முழுதாக மூடுகிற கூடாரம். வெறும் ஜமக்காளம் விரித்துப் படுக்காதீர்கள். கட்டுவிரியன் ராத்திரியில் நடமாடுகிற பாம்பு, தரையில் தூங்குகிறவர்களைத்தான் அதிகம் கடிக்கிறது. கடி பெரும்பாலும் வலிக்காது, தடம்கூடத் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் யாருக்காவது வயிறு வலித்து, இமை தொங்கி, பேச்சுக் குழறினால் கைமருந்தில் நேரம் போக்காமல் 108-ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து இருக்கிற அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். கிளம்புமுன்பே அது எது என்று விசாரித்து வையுங்கள். செருப்பை உதறிப் போடவும், டார்ச் இல்லாமல் வெளியே கால் வைக்காமல் இருக்கவும் பிள்ளைகளைப் பழக்குங்கள்.

இத்தனை பாடுக்கும் தோப்பு ஏன் என்றால், தண்ணீரை அளந்து செலவழித்து, சுள்ளி பொறுக்கி, தன் கூடாரத்தைத் தானே கட்டுகிற பிள்ளைக்கு அந்த ராத்திரி சொந்தமாகிறது. வாடகைக் கூடாரத்தில் அந்தப் பிள்ளை விருந்தாளியாகத்தான் இருக்கும். ஏதாவது ஒத்துவரவில்லையென்றால் அரை மணியில் வீடு.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கரை சேறாகிவிடும். சித்திரை, வைகாசியில் நடு ராத்திரிகூடப் புழுக்கம் தாங்காது. அப்போது வண்டியைக் கொல்லிமலைக்கே விடுங்கள்.