இண்டியன்சினி.மா: மூன்று வருடம் பயன்படுத்திய பிறகு

இறுதியாண்டு ஆய்வுக்கு நான் எடுத்த தலைப்பு இது: 1950களின் தமிழ்ப் படங்களில் வசனம் எங்கே நிற்கிறது, பாட்டு எப்படித் தொடங்குகிறது. திருகோணமலையில் இருந்துகொண்டு இதைச் செய்ய முடியுமா என்று மேற்பார்வையாளர் யோசித்தார். பழைய படங்கள் யூடியூபில் இருக்கின்றன, உண்மைதான். ஆனால் அது எந்தப் பிரதி, எவ்வளவு வெட்டுப்பட்டது என்று தெரியாமல் அடிக்குறிப்புப் போட எனக்கு மனம் வரவில்லை.

முதலில் ஒரு கட்டணத் தரவுத்தளத்தோடு ஒரு பருவம் முழுக்க மல்லுக்கட்டினேன். வளாகத்து இணையத்தில்தான் அது திறக்கும். விடுமுறைக்கு உவர்மலை வீட்டுக்கு வந்துவிட்டால் வேலை அப்படியே நின்றுவிடும். தமிழ் என்று தேடினால் சில ஆவணப்படங்கள்தான் வந்தன. அதற்காக அழுது பயனில்லை என்று விட்டுவிட்டேன்.

அப்புறம்தான் இண்டியன்சினி.மா. 2013இல் தொடங்கிய, இந்தியத் திரைப்படங்களுக்கான இலவச இணையத்தளம் இது. ஆசிஷ் ராஜாத்யக்‌ஷவும் பால் வில்லெமனும் தொகுத்த இந்தியத் திரைப்படக் கலைக்களஞ்சியத்தின் தகவல்கள்தான் இதற்கு அடித்தளம். இந்தியச் சட்டப்படி ஒரு படத்தின் பதிப்புரிமை 60 ஆண்டுகள். அந்தக் காலம் முடிந்த பழைய படங்கள் பலவற்றை இங்கேயே பார்க்கலாம். மற்றப் பலவற்றுக்கு விபரம் மட்டும்தான் உண்டு. அதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

என்னைக் கட்டிப்போட்டது அதன் காலக்கோடு. முழுப் படமும் ஒரு நீளமான வண்ணப் பட்டையாக விரிகிறது. ஷாட் மாறும் இடம் செங்குத்துக் கோடாகத் தெரியும். வசனக் காட்சியில் கோடுகள் நெருக்கமாக இருக்கும், பாட்டை நெருங்கும்போது இடைவெளி விழும். முதல் தடவை அதைப் பார்த்த இரவு நான் படுக்கவே இல்லை. ஒரு படத்தில் கதாநாயகி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறாள், அடியில் வீணை தொடங்கிவிடுகிறது. அதே படத்தை மூன்று தடவை பார்த்தும் இது என் காதில் விழவில்லை. தொடக்க நொடியையும் முடிவு நொடியையும் குறித்துத் துண்டாக எடுத்த பிறகுதான் கேட்டது. அந்த நொடிக்கே நேராக இணைப்புக் கொடுக்கலாம். மேற்பார்வையாளர் என் அடிக்குறிப்பைச் சொடுக்கி அதே ஷாட்டைப் பார்த்துவிட்டு, "சரி, இதை வைத்து எழுதும்" என்றார். ஒப்பீட்டுக்குப் பாட்டே இல்லாத ‘அந்த நாள்’ (1954) படத்தையும் சேர்க்கச் சொன்னவர் அவர்தான்.

தேடலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தமிழ்ப் பெயர்களை ஆங்கில எழுத்தில் போட்டுத் தேடும்போது, எந்தத் தரவுத்தளமானாலும், ஒரே எழுத்துக்கூட்டலை நம்பாதீர்கள். ழகரத்துக்கு மட்டும் மூன்று விதம் முயன்று பார்ப்பேன். பெயர் பிடிபடாவிட்டால் மொழியையும் ஆண்டையும் வைத்து வடிகட்டி, இயக்குநர் பெயரைக் கண்ணால் தேடுவேன். இப்படிச் சேர்ந்த பட்டியல் ஒரு கொப்பியில் பதினொரு பக்கம்.

காணொளி டேட்டாவை விழுங்கும். நான் நள்ளிரவுக்குப் பிறகு இரவு டேட்டாவில்தான் பார்த்தேன், குறிப்பெழுதும் வேலையைப் பகலுக்கு வைத்துக்கொண்டேன்.

நம் நாட்டுப் படங்களுக்கு இந்தத் தளம் இல்லை, அதன் பெயரே சொல்கிறது. 1962இல் 16 மி.மீ. படச்சுருளில் வந்த ‘சமுதாயம்’ தொடங்கி இலங்கைத் தமிழ்ப் படங்களைப் பற்றி எழுத ‘நூலகம்’ என்ற இணைய நூலகத் தளத்தில் உள்ள பழைய சஞ்சிகைகளைத்தான் புரட்டினேன். எழுத்து அங்கே கிடைக்கிறது. நொடி குறித்துக் காட்டப் படம் இல்லை. எனக்கு இன்றுவரை ஆறாத குறை இது.

இந்த வருடம் கனிஷ்ட மாணவி ஒருத்தி பழைய படங்களில் வரும் கடற்கரைக் காட்சிகளை எடுத்திருக்கிறாள். பதினொரு பக்கக் கொப்பி இப்போது அவளிடம் இருக்கிறது.