குயின்ஸ்டவுனா, வானாகாவா: ஆறு மாத விசாவில் மலையேற வருபவருக்கு

நியூசிலாந்தின் தென் தீவில் 'வொர்க்கிங் ஹாலிடே' எனப்படும் பணி விடுமுறை விசாவில் வேலை செய்துகொண்டே மலையேற விரும்புவோர் பெரும்பாலும் இரண்டு ஊர்களுக்கிடையே தயங்குகிறார்கள்: வாக்காட்டிப்பு ஏரிக்கரையில் உள்ள குயின்ஸ்டவுன், கிரவுன் ரேஞ்ச் மலைச்சாலைக்கு அப்பால் ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில் உள்ள வானாகா. நான் குயின்ஸ்டவுனில் தங்கி, ஒரு தங்கும் விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்யும் பிரிவில் வேலை பார்த்தேன்; மீண்டும் வாய்ப்புக் கிடைத்தாலும் அங்கேயே தங்குவேன். மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்களுக்கு இந்த விசா ஆறு மாதங்கள்தான் தருகிறது. என் முடிவுக்கு அடிப்படையே அந்தக் குறுகிய காலம்தான்.

இரண்டு ஊர்களுக்கும் பொதுவானவற்றை அதிகம் விவரிக்கத் தேவையில்லை. ஏரியும் மலையும் இரண்டிலும் உண்டு, குறைந்தபட்ச ஊதியம் நாடு முழுவதும் ஒன்றே, வீடு கிடைப்பது இரண்டிலுமே கடினம். குயின்ஸ்டவுனில் வாடகை கூடுதல், ஆனால் விடுதிகளும் உணவகங்களும் மிகுதி என்பதால் வேலை விரைவில் அமைகிறது. அமைதியை விரும்புபவருக்கு வானாகாவே பொருத்தம்.

முடிவைத் தீர்மானிப்பது கார். வானாகாவில் வீட்டிலிருந்து நடந்தே போய் ஏறக்கூடியது மவுண்ட் அயர்ன் என்ற சிறு குன்று. புகழ்பெற்ற ராய்ஸ் பீக் தடம் ஊரிலிருந்து ஆறு கிலோமீட்டர் தள்ளித் தொடங்குகிறது. ராப் ராய் பனியாற்றுத் தடத்திற்கோ ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும், அதில் பெரும்பகுதி சரளைச் சாலை, கடைசிப் பகுதியில் ஓடைகள் சாலைக்குக் குறுக்கே பாய்கின்றன. நான் இருந்த காலத்தில் அங்கு நகரப் பேருந்து ஓடவில்லை. வழியில் போகும் வண்டிகளைக் கைகாட்டி ஏறிச் செல்பவர்கள் உண்டு என்றாலும், மறுநாள் காலை ஏழு மணிக்கு வேலையில் நிற்க வேண்டியவர் அதை நம்பிப் புறப்பட முடியாது.

ஆகவே பழைய கார் ஒன்றை வாங்கும் எண்ணம் வருகிறது. வாங்கும் விலையை மட்டும் கணக்கிட்டால் அது நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் பதிவுக் கட்டணமும் 'வாரண்ட் ஆஃப் ஃபிட்னஸ்' எனப்படும் தகுதிச் சான்றும் நடப்பில் இருக்க வேண்டும். டீசல் வண்டியானால் ஓடும் தூரத்திற்குத் தனியாகச் சாலைக் கட்டணம் செலுத்த வேண்டும். காப்பீடு சட்டப்படி கட்டாயமில்லை. ஆயினும் விபத்தில் மனிதருக்கு ஏற்படும் காயத்தைத்தான் அரசின் ஏ.சி.சி. திட்டம் ஏற்கிறது, பிறர் வண்டிக்கு ஏற்படும் சேதத்தை அது ஏற்பதில்லை என்பதால், காப்பீடு எடுக்காமல் இருப்பது விவேகமாகாது. எல்லாவற்றையும்விடக் கடினமானது விற்பது. விற்கும்போது, வாங்குபவர் எழுத்துமூலம் விலக்குத் தந்தாலொழிய, தகுதிச் சான்று ஒரு மாதத்திற்குள் பெற்றதாக இருக்க வேண்டும். பழைய வண்டி அந்தச் சோதனையில் தேறாவிட்டால், ஊர் திரும்பவிருக்கும் நேரத்தில் பழுது பார்க்கும் செலவு வந்து சேரும். கோடை முடிந்து கிளம்புபவர்கள் பலரும் ஏறத்தாழ ஒரே காலத்தில் விற்க முனைவதால், விமான நாள் நெருங்க நெருங்க விலையைக் குறைப்பதைத் தவிர வழியிருக்காது. ஓராண்டுக்கு மேல் தங்குபவர் நல்ல விலைக்காகக் காத்திருக்கலாம்; ஆறு மாத விசாக்காரருக்கு அந்த அவகாசம் இல்லை.

குயின்ஸ்டவுனில் இந்தச் சுமை இல்லை. 1,748 மீட்டர் உயரமுள்ள பென் லோமண்டுக்கு ஊர் நடுவிலிருந்தே ஏறத் தொடங்கலாம். ஊர் ஏறத்தாழ 310 மீட்டரில் இருப்பதால் ஏற்றம் மட்டுமே 1,400 மீட்டரைத் தாண்டுகிறது. முதலில் ஊசியிலை மரங்களின் நிழலிலும், பிறகு காற்று தடையின்றி வீசும் புல்வெளியிலும் நடந்து கணவாயை அடைந்தபின், உச்சிக்குச் செல்லும் கடைசிப் பகுதி செங்குத்தானது. களைத்தவர் கணவாயோடு திரும்பினாலும் அந்த நாள் வீணாவதில்லை. அரைநாள் ஓய்வு கிடைத்தால் குயின்ஸ்டவுன் ஹில் போதும். நகரப் பேருந்தில் ஆரோடவுன் போய், பழைய தங்கச் சுரங்கப் பகுதிகளில் ஆற்றோரமாக நடக்கலாம். ரூட்பர்ன் தடத்திற்குக் கோடையில் கட்டண வண்டிகள் ஓடுகின்றன. வாரத்தின் நடுவில், முன்னறிவிப்பு அதிகமின்றி ஓய்வு நாள் தரப்படும் வேலையில், காலையில் வானிலையைப் பார்த்துவிட்டு வாசலிலிருந்தே நடக்கத் தொடங்க முடிவது எவ்வளவு பெரிய வசதி என்பதை அங்கு வாழ்ந்தபோதுதான் முழுமையாக உணர்ந்தேன்.

ராப் ராய் பனியாற்றை அவ்வளவு அருகில் நின்று பார்ப்பதற்கு ஈடான ஒருநாள் நடை குயின்ஸ்டவுனைச் சுற்றி எனக்குக் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். உடன் வேலை பார்த்தவர்களோடு பெட்ரோல் செலவைப் பகிர்ந்துகொண்டு அங்கே போனேன். வானாகாவில் குடியிருந்த அனுபவம் எனக்கு இல்லை, குளிர்காலத்தை இரண்டு ஊர்களிலும் கழித்ததில்லை. பனிச்சறுக்கு மைதான வேலைக்காக ஜூனில் வருபவருக்கு என் கணக்கு மாறக்கூடும். மூன்று நண்பர்கள் சேர்ந்து ஒரே காரை வாங்கிப் பராமரிப்புச் செலவையும் விற்பனை நட்டத்தையும் பங்கிட்டுக்கொள்வதானால், நான் வானாகாவையே பரிந்துரைப்பேன். ஆனால் ராய்ஸ் பீக் தடம் ஆடுகள் குட்டி ஈனும் காலமான அக்டோபர் 1 முதல் நவம்பர் 10 வரை மூடியிருக்கும் என்பதால், அவர்கள் வருகையை நவம்பர் நடுப்பகுதிக்குத் தள்ளிவைப்பது நல்லது.